கோலிஸ்டின் வில்லையின் ஓரம் வரை

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, தட்டில் கிருமியை எப்படிப் பரப்புவது, மருந்து வில்லையை எப்படி வைப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. கையேடுகள் அதை என்னைவிட நன்றாகச் சொல்லும். விழுப்புரத்து ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்தபோது என்னோடு வந்தவை என் நாட்குறிப்புகள் மட்டுமே. அவற்றில் மூன்று வாரத்துப் பக்கங்களைப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தில் ஒரு தவறு இருக்கிறது. ஒரு பெண்ணின் நான்கு நாட்கள் அதற்குள் போயின.

எனக்கு வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போவேன். திண்டிவனத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வசதி அங்கே கிடையாது. அங்கே எடுக்கும் ரத்தப் புட்டிகளை நான்தான் எடுத்துப் போவேன். ரத்தப் புட்டியை ஐஸில் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் கிருமி செத்துப்போகலாம். அதனால் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். ஐப்பசி மழைக்காலம் என்றால் ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் தண்ணீராக, வானம் கீழே கிடப்பதுபோல் இருக்கும். வண்டியின் ஆட்டத்தில் கண் செருகும். யாரோ ஒருவருடைய காய்ச்சல் என் மடியில் தூங்கிக்கொண்டு வருகிறது என்று அரைத்தூக்கத்தில் தோன்றும்.

அந்தத் திங்கட்கிழமை புட்டிகளை நடைமேடைக்குக் கொண்டுவந்தவர் நோயாளியின் கணவர். பெயர் ஏழுமலை. கிளியனூர்ப் பக்கம். மனைவி அஞ்சலை, நாற்பத்தாறு வயது, கூலிக்கு நடவு நடுபவர், பத்து வருடமாகச் சர்க்கரை.

"ஏம்மா, இதுல இன்னா தெரியும்?" என்று கேட்டார் ஏழுமலை.

"எந்தக் கிருமின்னு தெரியும்ங்க. அதுக்கு எந்த மருந்து கேக்கும்னும் தெரியும்."

"எங்க ஊர் ஜோசியக்காரன் மூஞ்சப் பாத்துதான் சொல்லுவான். அதுவே பாதி பொய்யி. நீங்க மூஞ்சியே பாக்காம சொல்றீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி வரும்வரை அவரே பேசிக்கொண்டிருந்தார். "நடவுக்குப் போனவ, நத்தை ஓடு குதிகால கிழிச்சிடுச்சி. சேத்த அப்பிக்கினு வேலைய முடிச்சிட்டுத்தான் கரையேறினா. அப்பலேந்து உடம்பு காயுது. ஒரே பேஜாரா இருக்குதும்மா."

வண்டி வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன்.

புதன்கிழமை இரண்டு புட்டிகளில் ஒன்றில் மட்டும் கிருமி வந்தது. வியாழன் காலை தட்டில் பார்த்தேன்: தண்ணீரிலும் ஈரத்திலும் சாதாரணமாக வாழும் கிருமிக் கூட்டத்தைச் சேர்ந்ததுபோல் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அதே மருத்துவமனையிலிருந்து இப்படி ஒன்று வந்து, தேடிப்போனால், ஊசி குத்துமுன் தோலைத் துடைக்கும் மருந்துப் புட்டியில் யாரோ குழாய்த் தண்ணீர் கலந்திருந்தார்கள். அந்தத் தவறைக் கண்டுபிடித்தவள் நான். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு கண்ணிலேயே நின்றிருக்க வேண்டும். 'வெளியிலிருந்து கலந்த கிருமியாக இருக்கலாம். மறுபடி ரத்தம் அனுப்பவும்' என்று எழுதினேன். நேரம் காலை 9.10. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு முறை சரியாகக் கண்டுபிடித்தது அடுத்த முறை நம்மைக் குருடாக்கும். இதைக் கையேட்டில் எழுதமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி புட்டிகளைக் கொண்டுபோனேன். சனிக்கிழமை இரண்டிலுமே கிருமி வந்துவிட்டது. ஞாயிறன்றும் போய் வில்லைகளை வைத்துவிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிந்து கிடக்கும். பொழுது விடிந்த வயலில் மூடுபனி ஆங்காங்கே விலகியதுபோல் இருக்கும் அந்தத் தட்டு. எத்தனை ஆயிரம் தட்டுகள் பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்கு அலுக்கவில்லை.

வில்லைகள் இருக்கும் குளிர்ப்பெட்டியில் கீழ்த்தட்டு ஒன்று உண்டு. அதிகம் கேட்கப்படாத மருந்துகள் அங்கே இருக்கும். ஃபாஸ்ஃபோமைசின்: கிருமி தன் சுவரைக் கட்டத் தொடங்கும்போது முதல் கல்லையே எடுத்துவைக்க விடாது, சிறுநீர்ப் பாதையில் வரும் பிடிவாதமான கிருமிகளுக்குக் கொடுப்பார்கள். லினசோலிட்: கிருமிக்குள் புரதம் நெய்யும் தறி இரண்டு துண்டாக இருக்கும், அவை ஒன்றுசேரும் முன்பே நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேறு மருந்துக்கு மசியாத சீழ்க் கிருமிகளுக்கு அது. கோலிஸ்டின்: பழைய மருந்து; சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்தார்கள்; மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபின் திரும்பக் கூட்டிவந்தார்கள். கிருமியின் வெளித்தோலைப் பற்றிக்கொண்டு கிழிக்கும். டாக்டர்கள் அதைக் 'கடைசி மருந்து' என்பார்கள். கடைசி மருந்து என்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து என்று அன்றுவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அமாவாசை. எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டரம்மா மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தார். அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

11.20க்குத் தட்டைத் திறந்தேன். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த வில்லையைச் சுற்றி அகலமாக, சுத்தமாக ஒரு வட்டம். செஃப்டாசிடிமுக்கும் அப்படியே. ஜெண்டாமைசினுக்கு வட்டம் இல்லை. கோலிஸ்டினுக்கும் இல்லை. வில்லையின் ஓரம் வரை, கரையைத் தொட்டு நிற்கும் தண்ணீர்போல, கிருமி வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மூடியைத் தூக்கியபோது மண்வாசனை வந்தது. முதல் மழை விழுந்த தரையின் வாசனை. ஒரு நொடி நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. அது இனிமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் போன் அடித்தது. திண்டிவனத்து டாக்டர். இளைஞர், கவனமானவர், மூன்று நாளாகத் தூங்காத குரல்.

"மேடம், கிட்னி தளருது, க்ரியாட்டினின் ஏறிக்கிட்டே இருக்கு. ஜெண்டாமைசின் போட்டும் ஒண்ணும் அசையல. ஈரல்ல ஸ்கேன் பார்த்தா சின்னச் சின்னதா சீழ்க்கட்டி. கோலிஸ்டின் கைக்கு வந்தாச்சு. உங்க பிளேட்ல கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆரம்பிச்சிடறேன்."

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"ஒரு மணி நேரமா? பிரஷர் எண்பதுக்கு வந்துடுச்சு மேடம். ஜல்தி."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அமாவாசைக் கூட்டத்தில் அங்கே யாருக்குத்தான் போன் கிடைக்கும்?

இந்த இடத்தில் நம் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. முடிவு விசித்திரமாக இருந்தால் வில்லை கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதுக் குப்பியைத் திறந்து மறுபடி வைப்போம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். கைகூட அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் மறுபடி வைத்தால் மறுநாள்தான் தெரியும். அதற்குள் டாக்டர் கோலிஸ்டினைத் தொடங்கிவிடுவார். தட்டு சொல்வது உண்மையானால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தின்மேல் அது இன்னொரு அடி. கிருமிக்கோ ஒன்றும் ஆகாது.

கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில், அதே குப்பியிலிருந்து எடுத்த வில்லையை, நடத்தை தெரிந்த சோதனைக் கிருமியின் மேல் வைத்திருந்த தட்டைப் பார்த்தேன். அங்கே கோலிஸ்டினைச் சுற்றி வட்டம் ஒழுங்காக இருந்தது. வில்லை பொய் சொல்லவில்லை. பிறகு வியாழக்கிழமைத் தட்டு. வேண்டாமென்று நான் எழுதிய கிருமிதான். ஆனால் எந்தத் தட்டையும் ஒரு வாரம் எறியமாட்டேன். மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்தேன். அன்று வழவழப்பாக இருந்த புள்ளிகள் இன்று காய்ந்து, சுருங்கி, நடுவிலிருந்து வரிவரியாக மடிந்திருந்தன. தண்ணீர் வற்றிய ஏரித் தரையை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. குழாய்த் தண்ணீரிலிருந்து போன மாதம் வந்த கிருமி இப்படி மடியவில்லை.

மண் என்ற சொல் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. நாட்குறிப்பை எடுத்தேன். போன திங்கள். பயணத்தில் கேட்டதையெல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு. ஏழுமலையின் ஜோசியக்காரன் இருந்தான். அதற்கு அடுத்த வரியில் நத்தை ஓடு இருந்தது. கிழிந்த குதிகால், அப்பிய சேறு, அப்போதிலிருந்து காய்ச்சல். ஏழு நாட்களுக்கு முன்னாலேயே என்னிடம் சொல்லப்பட்ட விஷயம். ஜோக்குக்காக எழுதிவைத்திருக்கிறேன்.

12.15க்குத் திண்டிவனத்தைக் கூப்பிட்டேன்.

"சார், கோலிஸ்டின் வேண்டாம். வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கு. ஜெண்டாமைசினும் அப்படித்தான்."

"கோலிஸ்டினே கேக்கலைன்னா அப்புறம் எதுதான் கேக்கும்? உங்க டிஸ்க் கெட்டுப்போயிருக்கும்."

"கண்ட்ரோல் பிளேட் சரியா இருக்கு சார். செஃப்டாசிடிமுக்கு வட்டம் தெளிவா இருக்கு. அமாக்ஸிக்ளாவுக்குக்கூட இருக்கு."

"தெருக்கோடி மெடிக்கல்ல கிடைக்கிற மாத்திரைக்குக் கேக்கும், கோலிஸ்டினுக்குக் கேக்காதா? என்ன மேடம் விளையாட்டா?"

அடுத்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவர் என் தட்டை நம்பியிருக்கமாட்டார்.

"சார், வியாழக்கிழமை வெளியிலேந்து கலந்ததுன்னு எழுதினது நான். அது தப்பு. அன்னிக்கு வந்ததும் இதே கிருமிதான். ரெண்டு பிளேட்டையும் பக்கத்துல வச்சிப் பார்த்துட்டுத்தான் பேசறேன்."

போனில் பின்னால் யாரோ ஸ்டாண்டை இழுக்கும் சத்தம்.

"நாலு நாள், மேடம்."

"ஆமா சார். நாலு நாள்."

"சரி. பேரைச் சொல்லுங்க."

"பேர் சொல்ற உரிமை எனக்கு இல்ல சார். சந்தேகத்தை மட்டும் சொல்றேன். அந்தம்மாவுக்கு நடவு வயல்ல குதிகால் கிழிஞ்சிருக்கு. சேத்த அப்பிக்கிட்டு வேலை பார்த்திருக்காங்க. சுகர் வேற. மண்ணுல வாழற கிருமி ஒண்ணு இருக்கு..."

"மெலியாய்டோசிஸ்" என்றார் அவரே. குரல் மாறிவிட்டது. "பரீட்சைக்குப் படிச்சேன் மேடம். பார்த்ததில்ல. காலைத் தூக்கிப் பார்க்கணும்னு யாருக்கும் தோணல பாருங்க. செஃப்டாசிடிம் இப்பவே ஆரம்பிக்கிறேன்."

மூன்று மணிக்கு மேல் டாக்டரம்மாவின் அழைப்பு வந்தது. செஞ்சி தாண்டிய பிறகுதான் போன் கிடைத்ததாம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"மோந்து பார்த்தியா?"

"மூடியைத் திறந்தப்போ அதுவா வந்துது டாக்டர்."

"அதுவா வருமா? உன் மூக்கு அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்துது? அந்தக் கிருமி மூச்சு வழியா உள்ள போகும். பிளேட்டை டேப் போட்டு ஒட்டு. காத்து வெளிய வராத கேபினெட்டுக்குள்ள வை. யாரும் தொடக்கூடாது. நாளைலேந்து மூணு வாரம் தினம் ரெண்டு வேளை உன் காய்ச்சலைப் பார்த்து எனக்கு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. நம் தொழிலில் பலரும் வாசனையை வைத்துக் கிருமியைச் சொல்வதைப் பெருமையாக நினைப்பார்கள். நீங்கள் அந்தப் பெருமையைப் பழகிக்கொள்ளாதீர்கள். அவ்வளவு இனிமையாக இருந்த அந்த வாசனை என்னைக் கொன்றிருக்கலாம்.

மறுநாள் டாக்டரம்மா தட்டைக் கேபினெட்டின் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சந்தேகத்தை உறுதிசெய்ய வேண்டிய சோதனைக்கு அனுப்பினார். அதுவும் பின்னால் ஆம் என்றே வந்தது. கோலிஸ்டின் ஏன் தோற்றது என்று அப்போதுதான் சொன்னார். அந்த மருந்து கிருமியின் வெளித்தோலில் பிடிமானம் தேடும். மற்றக் கிருமிகளின் தோல் அதற்கு இடம் கொடுக்கும். இந்தக் கிருமியின் தோலில் பற்றிக்கொள்ள ஒரு முடிச்சும் இல்லை. மருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஜெண்டாமைசின் உள்ளே நுழையும். நுழைந்ததைக் கிருமி ஏற்றம் இறைப்பதுபோல் வெளியே இறைத்துவிடும். செஃப்டாசிடிம் வேறு வேலை செய்கிறது. கிருமி வளர்வதற்குத் தன் சுவரைப் பிரித்துப் பிரித்துக் கட்டவேண்டும். கட்டுகிற கையை அது பிடித்துக்கொள்கிறது. சுவர் நிற்காமல் கிருமி வெடித்துவிடும்.

"மருந்து அரிதா இருக்கிறது அதோட பலத்தைச் சொல்லாது" என்றார். "எதோட சண்டைன்னு தெரிஞ்சாத்தான் எது பலம்னு தெரியும்."

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஊசி மாற்றி மூன்றாம் நாள் விழுந்திருந்த பிரஷர் ஏறியது, ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. நான்காம் நாள், ஐந்தாம் நாள், நூற்றுமூன்று. ஏழுமலை காலையில் நடைமேடைக்கு வந்துவிடுவார், கையில் புட்டி இல்லாத நாட்களிலும். ஜோசியக்காரனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"ஊசி மாத்தியும் காயுதேம்மா. இன்னாவோ பெரிய ஊசி வாங்கி வச்சிருந்தாங்களாமே, நீங்கதான் வேணான்னுட்டீங்களாம். அதப் போட்டா இன்னா?"

"அது கேக்காதுங்க."

"போடாமலே எப்டிம்மா தெரியும்?"

அந்தக் கேள்விக்குத் தட்டைக் காட்டிப் பதில் சொல்லலாம். அவருக்கு வேண்டியிருந்தது தட்டு இல்லை. "நான் பார்த்தேங்க. என் கண்ணால பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வண்டி கிளம்பியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைமேடையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மயிலம் வரை அவர் நிற்பது கண்ணில் இருந்தது. மழையில் வயலும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. நான் படித்தது தவறாக இருந்தால் என்ற நினைப்பு, தூக்கத்தில் வரும் படிக்கட்டுபோல், முடியாமல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் திண்டிவனத்து டாக்டரே தடுமாறினார். மருந்தை மாற்றட்டுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டார். டாக்டரம்மா சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "இந்தக் காய்ச்சல் அப்படித்தான் தம்பி, ஒரு வாரம் பத்து நாள்கூட இழுக்கும். ஈரல்ல சீழ் இருக்கு. காய்ச்சலைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க. யூரின் போகுதா? பேசறாங்களா? அப்போ கையைக் கட்டிக்கிட்டு இருங்க."

அவசரத்தில் எடுத்த முடிவை எல்லோரும் பேசுவார்கள். எடுத்த முடிவோடு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கடினம். டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏழுமலை கொண்டுவந்து கொடுத்தார். துண்டை நான் சுற்றுவதற்கு முன் அவரே சுற்றிக் கொடுத்தார். இன்குபேட்டரில் அந்தப் புட்டிகளை ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். தினமும் காலையிலும் மாலையிலும் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டாம் நாள் மாலை கலங்கியதுபோல் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது இல்லை. இதற்கிடையில் காய்ச்சல் நூற்றுஒன்றுக்கு இறங்கியது என்றும், பிறகு நூறு என்றும் செய்தி வந்தது. வைத்த ஏழாம் நாள் காலை, அந்தப் புட்டிகளிலிருந்து எடுத்துப் பரப்பிய தட்டை கேபினெட்டுக்குள் திறந்தேன். ஒன்றும் இல்லை. யாரும் கால் வைக்காத தரை. டாக்டரம்மா பார்த்து, 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வியாழக்கிழமை அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அதன் கீழே 'இது தவறு' என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டேன். இரண்டும் இன்னும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம்.

டாக்டருக்குச் சொன்ன பிறகு ஏழுமலைக்கும் நானே போன் செய்தேன்.

"ரிசல்ட் வந்துடுச்சுங்க. ஒண்ணும் வளரல."

"ஒண்ணுமே வர்லியா?" பதறினார் ஏழுமலை. "இன்னொரு வாட்டி பாருங்கம்மா. ரத்தம் பத்தலைன்னா எடுத்தாறேன்."

"ஐயோ, வராததுதான்ங்க நல்லது. ரத்தத்துல கிருமி இல்ல. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஊசி போடுவாங்க. அப்புறம் மாத்திரை தருவாங்க, மாசக்கணக்குல சாப்பிடணும். உடம்பு நல்லா ஆயிடுச்சேன்னு நடுவுல நிறுத்தக்கூடாது. நிறுத்தினா திரும்ப வரும்."

"நிறுத்த மாட்டோம்மா. நான் பாத்துக்கிறேன்." அவருக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அப்ப... ஒண்ணும் வர்லன்னா..."

அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. கரகரத்த, பலமில்லாத, ஆனால் கோபமான குரல்.

"யாருய்யா அது போன்ல? எவ்ளோ நேரமா பேசிக்கினு இருக்கற? கஞ்சி ஆறிப்போவுது, எட்டல எனக்கு. இந்தப் பக்கம் தள்ளுய்யா."

மூன்று வாரத்தில் மூன்று முறை அவளுடைய ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் குரலைக் கேட்டது அப்போதுதான்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று ஏழுமலை போனை அணைக்காமலே ஓடினார்.